புது ஹெட்டும் தலையிடியும்
உப்புக்காற்றில் ஓடும் இயந்திரங்கள் – 11

"எல்லாம் பூட்டியாச்சு தம்பி. டெப்பட் மட்டும் வச்சுத் தந்தீங்க எண்டால் காணும்."

வங்காலையில் புனித ஆனாள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வேப்பமர நிழலில் அண்ணனின் உழவு இயந்திரம் பொனட் இல்லாமல் நின்றது. மாஸி பேர்குசன் 240. காலபோகம் தொடங்கினால் கட்டுக்கரைக்குளத்து வயல்களில் உழும். மற்ற நாட்களில் கடற்கரையில் கரைவலை இழுக்கும். ஊர்க் கிணற்றின் உவர்த்தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்றி வந்திருக்கிறார். போன கிழமை சொன்ன கதைதான்: தண்ணீர்ப் பாதையில் உப்பு படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல், இரண்டு வால்வுக்கும் நடுவில் ஹெட் வெடித்துவிட்டது. ஒறிஜினல் ஹெட்டின் விலையைக் கேட்டுவிட்டு, பெட்டியில் வந்த மாற்று ஹெட் ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தார்.

கடற்கரையில் வரிசையாக நிற்கும் 8, 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் படகு இஞ்சின்களுக்கு, ஹெட் மாற்றினால் வால்வு பிஸ்டனில் இடிக்குமோ என்ற தலையிடி கிடையாது. அவற்றின் ஹெட்டில் வால்வே இல்லை. நாலு ஸ்ட்ரோக்கில்தான் பிஸ்டனும் வால்வும் ஒரே அறைக்குள், ஒன்று வர ஒன்று விலகிக் குடித்தனம் நடத்துகின்றன.

இந்த 240இன் வயிற்றில் இருப்பது பேர்க்கின்ஸ் ஏடி3.152. பெயரிலேயே கணக்கு உண்டு: 3 சிலிண்டர், 152 கன அங்குலம், நமது அளவில் 2.5 லீற்றர். இதற்கு டெப்பட் இடைவெளி இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ, அதாவது 0.30 மில்லிமீற்றர். சூட்டில் 10 தௌ. பீலர் கேஜ் வைத்திருக்கிற எந்தப் பொடியனுக்கும் இது தெரியும். சிக்கலே அங்கேதான். "வால்வு கிளியரன்ஸ் பார்த்தாச்சா?" என்று கேட்டால் எல்லோரும் இந்த 12 தௌவைத்தான் சொல்கிறார்கள். அது ரொக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையில், மேலே இருக்கிற இடைவெளி. கீழே, வால்வுத் தலைக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இன்னொன்று இருக்கிறது. இஞ்சினின் உயிர் அதில்தான்.

இன்ஜெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு டெப்பட் வைத்தேன். பிறகு முன் புல்லியில் சாவியைப் போட்டுக் கையால் சுற்றினேன். மூன்றாவது சிலிண்டரில் மெதுவாக ஒரு முட்டு. கம்ப்ரெஷன் என்றால் சாவி பஞ்சுபோலத் திருப்பித் தள்ளும். இது கல்லில் பட்டமாதிரி நின்றது. ஸ்டார்ட்டர் அடித்திருந்தால் புஷ் ரொட் வளைந்திருக்கும், இல்லாவிட்டால் வால்வு.

ஹெட்டைத் தூக்கினோம். பிஸ்டன் தலையின் கரியில், நகத்தால் கீறினதுபோல மினுங்குகிற ஒரு பிறை. எக்ஸோஸ்ட் வால்வின் விளிம்பு பட்ட இடம்.

அண்ணனின் பழைய ஹெட்டைக் கவிழ்த்து, முகத்தின் மேல் இரும்பு அடிமட்டத்தை வைத்தேன். வால்வுத் தலைகள் முகத்துக்குக் கீழே பதுங்கியிருந்தன. புதிய ஹெட்டில் அவை ஏறக்குறைய முகத்தோடு சமம். வால்வு இருக்கையை ஆழமாகக் கடையாமலே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். போல்ட் ஓட்டைகள் அச்சொட்டாகப் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டீசல் இஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் மிஞ்சுவது மெல்லிய இடுக்குத்தான். அந்த நேரம் பார்த்து எக்ஸோஸ்ட் வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது, இன்டேக் திறக்கத் தொடங்கியிருக்கும். ஏறிவருகிற பிஸ்டன் எக்ஸோஸ்ட் வால்வைத் துரத்துகிறது. உச்சியைக் கடந்ததும் இன்டேக் வால்வு பிஸ்டனைத் துரத்துகிறது. எக்ஸோஸ்ட் கூடச் சூடாகி நீளுவதால் அதற்குத்தான் கூடுதல் இடம் வேண்டும். வேகமாக ஓட்டுவதற்குப் பெற்றோல் இஞ்சின் கட்டுகிறவர்கள் இன்டேக்குக்கு 2 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட்டுக்கு 2.5 என்று வைத்துக்கொள்வார்கள். டீசலுக்கு அவ்வளவு இடம் கிடையாது. அந்தந்த இஞ்சினின் புத்தகத்தில் வால்வு எவ்வளவு ஆழத்தில் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கும், அதுதான் சட்டம்.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இதே வினை வேறு உருவில் வரும். 1098 சிசி இஞ்சினுக்கு வலு கூட்ட 1275 சிசி ஹெட்டைத் தூக்கிப் போடுவார்கள். போல்ட் எல்லாம் இறங்கும். ஆனால் 1275இன் சிலிண்டர் விட்டம் 70.6 மில்லிமீற்றர், 1098க்கு 64.58தான். பெரிய எக்ஸோஸ்ட் வால்வு பிஸ்டன்வரை போகவே வேண்டாம், புளொக்கின் விளிம்பிலேயே இடித்துவிடும். புளொக்கில் குழி வெட்டாமல் அந்த ஹெட் சரிவராது. மேலிருந்து கீழே மட்டும் பார்த்தால் காணாது, பக்கவாட்டிலும் பார்க்கவேண்டும்.

அண்ணனின் புதிய ஹெட் மன்னார் டவுன் லேத்துக்குப் போனது. இருக்கையைக் கடைந்து வால்வை இறக்கினார்கள். அதிலும் கை மிஞ்சக் கூடாது. அளவுக்கு மேல் இறக்கினால் கம்ப்ரெஷன் குறைந்து, விடியப்புறம் ஸ்டார்ட் எடுக்காமல் வெள்ளைப் புகை கக்கும்.

திரும்பி வந்ததும், ஏற்கெனவே நசுங்கிய பழைய கஸ்கட்டையே போட்டேன். ரேடியோ திருத்துகிறவர் வைத்திருக்கும் ஈயக் கம்பியில் சின்னத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொரு பிஸ்டனிலும் வால்வு இறங்கும் இடத்தில் கிரீஸ் தொட்டு ஒட்டினேன். ஹெட்டை முழு இறுக்கத்துக்கு இறுக்கி, டெப்பட் வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்று. கேம் ஒரு சுற்று வர கிராங்க் இரண்டு சுற்று வரவேண்டும். ஒரே சுற்றோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் தெரியும். பிறகு கழற்றி, நசுங்கிய ஈயத்தின் மிக மெல்லிய இடத்தை வேர்ணியரில் அளந்தால், கிடைப்பதுதான் உண்மையான இடைவெளி. மூன்றிலும் அளந்தேன். ஒன்றை அளந்துவிட்டு மற்ற இரண்டும் அப்படித்தான் இருக்கும் என்று விடுவது சோம்பல்.

"இவ்வளவு வேலையா இதுக்கு?" என்றார் அண்ணன். அரை நாள் வேலைதான். வளைந்த வால்வோடு திரும்பவும் ஹெட்டைக் கழற்றுவது அதைவிடக் கூட, அதுவும் விதைப்பு நேரத்தில்.

மாற்று ஹெட் வாங்குவது குற்றமில்லை. விலை தெரிந்த யாரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். வாங்கிப் போடுகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: வெடித்த பழைய ஹெட்டை இரும்புக்காரனுக்குப் போடுவதற்கு முன், அதன் வால்வுகள் முகத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.