அலைப்பட்டைக்கு வெளியே ஒரு குரல்: ஹாம்களின் பொறுப்பு

அமெச்சூர் வானொலி எனப்படும் ஹாம் ரேடியோவில், தேர்வெழுதி உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றவர் (ஹாம்) தமக்கு ஒதுக்கப்பட்ட அலைப்பட்டைகளுக்குள் மட்டுமே பேசலாம். இந்தியாவில் 7.000–7.200, 14.000–14.350, 144–146 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை அவற்றுள் சில. உரிமத்தை வழங்குவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு.

இந்த எல்லைகள் உயிர் காப்பவை என்பதை மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காட்டுக் குப்பங்களை ஒட்டிய கடலில் தெளிவாகக் காணலாம். கடல்சார் வி.எச்.எஃப். தொடர்பு 156 மெகாஹெர்ட்ஸை அடுத்துத் தொடங்குகிறது. ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஹாம்கள் வாங்கும் மலிவான கைக்கருவிகள் பலவும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் ஒலிபரப்பக்கூடியவை. பொத்தானைத் தவறாக அழுத்தினால் போதும், ஹாமின் குரல் கடல் சேனலில் புகுந்துவிடும். பண்பலை முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை மூடிவிடும். கரையில் ஒருவர் பொழுதுபோக்காகப் பேசுவது, என்ஜின் நின்ற ஃபைபர் படகிலிருந்து வரும் அழைப்பை மறைத்துவிடலாம்.

பட்டைக்கு வெளியே கேட்கும் குரல்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. முதல் வகை, பிற நாட்டில் சட்டப்படி பேசுபவர். அமெரிக்க ஹாம்களுக்கு 7.300 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமை உண்டு. 7.250இல் அவர் பேசுவதை இந்திய ஹாம் கேட்கலாம். அங்கேயே பதில் தரக்கூடாது. இந்திய ஹாம் 7.150இல் பேச, அமெரிக்கர் அங்கே செவிமடுத்தால், இருவரும் தத்தம் எல்லைக்குள் நின்று உரையாடலாம்.

இரண்டாம் வகை, அறியாமல் எல்லை மீறுபவர். மேல்பக்கப் பட்டை முறையில் குரல், காட்டும் அதிர்வெண்ணுக்கு மேலே ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் வரை பரவும். ஆகவே 14.350இல் முள்ளை நிறுத்திப் பேசுபவர் பட்டைக்கு வெளியே பேசுகிறார். அவர் தெரிந்தவரானால் தொலைபேசியில் எடுத்துச் சொல்வதே முறை. மூன்றாம் வகை, உரிமமே இல்லாமல் பேசுபவர்.

பின்னிரு வகையினருக்கும் வானொலியில் பதில் தராமல் இருப்பதே நெறி. ஒலிபரப்பும் ஒவ்வொருவரும் தம் அலைக்குத் தாமே பொறுப்பு. அவர் அழைத்ததால் பதிலளித்தேன் என்பது விதிமீறலை நியாயப்படுத்தாது. பதில் கிடைத்தால் மீறியவருக்கும் துணிவு கூடும். நேரம், அதிர்வெண், மொழி, பேச்சின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 2016இல் வங்கதேச எல்லையை ஒட்டிய பகுதியில் ஐயத்துக்குரிய உரையாடல்களைக் கேட்ட மேற்கு வங்க ஹாம்கள் அரசுக்குத் தகவல் கொடுத்தது இதற்கு நல்ல முன்மாதிரி.

தொழில் செய்தி இன்னொரு எல்லை. மீன் விலையையோ மீன் கூட்டம் இருக்கும் இடத்தையோ ஹாம் அலைவரிசையில் பரிமாறக்கூடாது. இந்தச் சேவை வருவாய் நோக்கமற்றது. படகுக்கு வேண்டியது உரிமம் பெற்ற கடல்சார் கருவியே. ஹாம் கருவி அதற்கு மாற்றாகாது.

இவை அனைத்துக்கும் விலக்கு உயிராபத்து. ஆபத்திலுள்ள நிலையமும் அதற்கு உதவும் நிலையமும் கையிலிருக்கும் எந்த வானொலி வழியையும் பயன்படுத்துவதைச் சர்வதேச வானொலி விதிகள் தடுப்பதில்லை. அப்போதும் ஒழுங்கு உண்டு. அழைப்பைக் கேட்டவர் முதலில் கடலோரக் காவல் படையோ அருகிலுள்ள கப்பலோ பதிலளிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். உடனே 1554 என்ற எண்ணில் காவல் படைக்குச் சொல்ல வேண்டும். எவரும் பதிலளிக்காவிட்டால் மட்டுமே தாம் பேசி, படகின் இருப்பிடம், ஆட்களின் எண்ணிக்கை, பழுதின் தன்மை ஆகியவற்றைக் கேட்டுக் காவல் படைக்குச் சேர்ப்பிக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்த ஹாம் குழு பொழுதுபோக்கு ஒலிபரப்பைக் கைவிட்டு, போர்ட் பிளேரிலிருந்து அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. மற்ற தொடர்புகள் அறுந்த வேளையில் அக்குழு ஆற்றிய பணி, நாள்தோறும் அலைவரிசை ஒழுக்கத்தைப் பேணியவர்களிடமிருந்தே வந்தது. எந்த ஆபத்திலும் மீட்பு அதிகாரிகள் பொறுப்பேற்றதும் ஹாம் பேச்சை நிறுத்தி, நடந்தவற்றைப் பதிவேட்டில் எழுதி, அலைவரிசையை உரியவர்களிடம் விட்டு விலக வேண்டும்.