நோயில்லாதவர் உண்ணும் மருந்து

வியாதி கண்டு படுத்தவனுக்கு வேளை தவறாமல் மருந்து உண்பதில் பெரிய சிரமம் இல்லை. வலியே அவனுக்கு அதை ஞாபகப்படுத்திவிடும். சரீரத்தில் ஒரு குறையும் இல்லாமல், இருபது வயதுக்குரிய உற்சாகத்தோடு திரிகிற ஓர் இளைஞனிடம், என்றோ நேரக்கூடிய ஒரு தொற்றைத் தடுப்பதற்காக இன்றும் நாளையும் அதற்கு மறுநாளும் ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டே இரு என்று சொல்வது எத்துணைக் கடினமான நியமம் என்பதை வைத்திய சாஸ்திரம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது.

எச்.ஐ.வி. தொற்றாமல் முன்கூட்டியே காத்துக்கொள்ள உண்ணும் இந்த மாத்திரைக்குப் ‘பிரெப்’ என்று பெயர். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபைன் என்னும் இரண்டு மருந்துகளின் சேர்க்கை அது. கிருமி உட்புகுந்தாலும் இரத்தத்தின் வெள்ளணுக்களில் பெருகிக் காலூன்ற முடியாதபடி அது தடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2012 ஜூலையில் இதைத் தடுப்பு மருந்தாக அங்கீகரித்தது. 2018-இல், எடை 35 கிலோவுக்குக் குறையாத பதின்வயதினருக்கும் அநுமதி அளித்தது. ஒழுங்காக உண்பவருக்கு உடலுறவின் வழியே தொற்றும் அபாயம் ஏறக்குறைய 99 சதவீதம் குறைகிறது.

ஒழுங்காக உண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘வாய்ஸ்’ ஆராய்ச்சியே சாட்சி. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய தேசங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்கு கொண்டார்கள். மருந்தைப் பத்துக்கு ஒன்பது நாள் பயன்படுத்தியதாகவே பெரும்பாலும் கூறினார்கள். ஆயினும் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்தின் அடையாளம் இல்லை, தடுப்பின் பயனும் தென்படவில்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று எண்ணுவது பெரும் அநியாயம். எச்.ஐ.வி. நோயாளிகள் உண்ணும் மருந்து வீட்டில் இருப்பதைக் கணவனோ காதலனோ அண்டை அயலாரோ கண்டுவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அவர்களில் பலரை வாட்டிற்று. அமெரிக்காவிலோ வேறொரு விஷயம் தெரிய வந்தது: 18 முதல் 22 வயது வரையுள்ள இளைஞர்கள் மாதந்தோறும் மருத்துவமனைக்கு வந்தவரையில் ஓரளவு ஒழுங்காக உண்டார்கள், வருகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தளர்த்தியதும் மாத்திரையும் தளர்ந்தது.

ஆகவே, யாரோ ஒருவர் அடிக்கடி விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த விசாரிப்பு கண்டிப்பாகவும் உபதேசமாகவும் இராமல், இளைஞன் தானே விரும்பி நாடுவதாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் கைபேசி விளையாட்டு வந்து சேர்கிறது.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. புற்றுநோய் கண்ட இளையோருக்காக 2006-இல் வெளிவந்த ‘ரீ-மிஷன்’ என்ற கணினி விளையாட்டில், ஆடுபவர் உடலுக்குள் பிரவேசித்துப் புற்றணுக்களைத் தாக்கி அழிக்க வேண்டும். 34 மருத்துவ நிலையங்களில், 13 முதல் 29 வயது வரையுள்ள 375 நோயாளிகளிடம் அதைப் பரீட்சித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். அதை ஆடியவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக மருந்து உண்டார்கள். அவர்கள் வாய்மொழியை மட்டும் நம்பாமல் இரத்தப் பரிசோதனையாலும் மருந்துப் புட்டியில் பொருத்திய கருவியாலும் அறிந்த உண்மை இது.

அந்த வழியில், பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா வைட்லி, லாரி பிரௌன் ஆகியோரும் மிஸிஸிப்பி மாநில மருத்துவர்களும் கூடி, முதலில் எச்.ஐ.வி. தொற்றுள்ள இளைஞர்களுக்கும், பிறகு பிரெப் உண்பவர்களுக்கும் விளையாட்டுகளைச் சமைத்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், ஆண்களோடு உறவு கொள்ளும் கறுப்பின இளைஞர்களையே இத்தொற்று மிகக் கொடுமையாகத் தாக்குகிறது. மிஸிஸிப்பியின் தலைநகரான ஜாக்ஸன் அதற்குப் பேர்போன இடம். பிரெப் உண்பவர்களுக்கான ‘வைரல் காம்பாட்’ என்ற அவர்களுடைய விளையாட்டைச் சிறு குழுவினரிடம் சோதித்தபோது, அதை ஆடியவர்களில் மற்றவர்களைவிட அதிகமானோர் மருந்தைப் போதுமான அளவு உண்டதாகத் தெரிந்தது. வட கரோலினாவில் லிஸா ஹைட்டோ-வைட்மன் குழுவினர் அமைத்த ‘பி3’ செயலியிலோ, மாத்திரை உண்டதைத் தினந்தோறும் பதிவு செய்தல், சிறு பணிகள், அவற்றுக்கான வெகுமதிகள் என்று ஒரு பழக்கத்தையே விளையாட்டாக்கியிருக்கிறார்கள்.

புள்ளிகளைக் காட்டி மயக்கும் தந்திரம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியையும், அதைவிடத் தெரியாத தடுப்பையும் பிரத்தியட்சமாகக் காட்டுகிற சக்தி இதற்கு இருக்கிறது. வயது முதிர்ந்தவர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கும் கேள்விகளுக்கு அஞ்சி ஒளிகிற இளைஞனிடம் இது எந்த வெறுப்புமின்றிப் பேசுகிறது. ஆனால், பரிசோதனைகள் இன்னும் சிறியவை. எந்த விளையாட்டும் சில மாதங்களில் அலுத்துப்போகக்கூடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வதற்கும், மருந்துக்கும், மருத்துவருக்கும் பணமில்லாதவனுக்கு இந்த விளையாட்டினால் ஒரு பயனும் இல்லை.

இதே தடுப்புக்காக ஆண்டுக்கு இரண்டே முறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அநுமதி கொடுத்துவிட்டது. இனி மாத்திரையும் வேண்டாம், அதை நினைவூட்டும் விளையாட்டும் வேண்டாம் என்று சிலர் மகிழலாம். அந்த ஊசிக்கும் ஆறு மாதம் கழித்துத் தவறாமல் திரும்பி வரவேண்டியவன் அதே இளைஞன்தான். அவனை வரவழைக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.