மருத்துவ ஆய்வக மரபியல் வல்லுநர் பயிற்சி: அமெரிக்க நடைமுறையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நோயாளியின் குருதியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து அதன் வரிசையைப் படித்தறியும் பணி இன்று பெரிதும் கருவிகளின் பொறுப்பில் உள்ளது. அவ்வரிசையில் காணப்படும் ஒரு மாறுபாடு நோய்க்குக் காரணமா, மனிதரிடையே இயல்பாக அமையும் வேற்றுமையா எனத் துணிந்து அறிக்கையில் கையொப்பமிடுபவர் மருத்துவ ஆய்வக மரபியல் வல்லுநர். இவர் பெரும்பாலும் நோயாளியை நேரில் காண்பதில்லை. எனினும் ஒருவருக்குச் செய்யும் அறுவை சிகிச்சையும், கருவுற்ற தாய் எடுக்கும் முடிவும், உடன்பிறந்தோருக்கான சோதனையும் இவர் எழுதும் சில வரிகளைச் சார்ந்து அமையக்கூடும். இத்தகையோரை அமெரிக்காவில் எவ்வாறு உருவாக்குகின்றனர் என்பதையும், சான்றுகளை எடைபோடும் திறனே அப்பயிற்சியின் மையம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இரு துறைகள் ஒன்றானமை

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956இல்தான் உறுதியாயிற்று. டவுன் நோய்க்குறிக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்திருத்தலே என்பது 1959இல் வெளியாயிற்று. இவ்வழியில் வளர்ந்த உயிரணு மரபியல் நுண்ணோக்கியை நம்பியது. பின்னர் வந்த மூலக்கூறு மரபியல் டி.என்.ஏ. வரிசையை நம்பியது. இவ்விரண்டுக்கும் நெடுங்காலம் தனித்தனிப் பயிற்சியும் தேர்வும் இருந்தன. மைக்ரோஅரே சோதனை வந்தபின் இப்பிரிவினை பொருளிழந்தது. குரோமோசோமில் நேரும் சிறு இழப்பையும் மிகையையும் அச்சோதனை டி.என்.ஏ. வழியாகவே காட்டிவிடுகிறது. எனவே அமெரிக்க மருத்துவ மரபியல் வாரியம் இரண்டையும் இணைத்து ஒரே சிறப்புத் துறையாக்கியது.

பயிற்சிக் காலம் 2 ஆண்டுகள். மருத்துவர்களேயன்றி முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளரும் இதில் சேரலாம். மருத்துவச் சிறப்புத் துறைகளில் இஃது அரிது. வாரியச் சான்றுக்குச் சட்ட மதிப்பும் உண்டு. 1988ஆம் ஆண்டு ஆய்வகச் சட்டத்தின்வழி அமைந்த விதிகளின்படி, சிக்கல் மிகுந்த சோதனைகளைச் செய்யும் ஆய்வகத்திற்கு மருத்துவரல்லாத முனைவர் ஒருவர் இயக்குநராக வேண்டுமெனில், அரசு ஏற்ற வாரியமொன்றின் சான்று தேவை.

மாறுபாட்டை எடைபோடல்

2015இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் மாறுபாடுகளை 'நோய் விளைப்பது', 'நோய் விளைப்பதாகலாம்', 'பொருள் துணியப்படாதது', 'தீங்கற்றதாகலாம்', 'தீங்கற்றது' என ஐவகைப்படுத்துகிறது. 'ஆகலாம்' என்பது இங்கே 90 விழுக்காட்டிற்கு மேற்பட்ட உறுதியைக் குறிக்கும். அன்றாட வழக்கின் தளர்ச்சி அச்சொல்லுக்கு இல்லை. விதிகளைப் படித்தறிவது எளிது, பொருத்துவதே கடினம். நோயுற்ற அண்ணன், தம்பி இருவரிடமும் ஒரே மாறுபாடு இருப்பது வலிய சான்றாகத் தோன்றும். ஆனால் பெற்றோருள் ஒருவரிடமிருந்து அண்ணனுக்கு வந்த மாறுபாடு தம்பிக்கும் வந்திருக்கத் தற்செயலாகவே இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

மக்கட்பரப்பில் ஒரு மாறுபாடு எத்துணைப் பரவலாக உள்ளது என்பது இதனினும் முதன்மையான வினா. இதயத் தசை தடிக்கும் நோய்க்குக் காரணமெனக் கறுப்பின அமெரிக்கர் சிலருக்கு அறிவிக்கப்பட்ட மாறுபாடுகள் உண்மையில் தீங்கற்றவை என 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அம்மாறுபாடுகள் அம்மக்களிடையே பரவலாக உள்ளவை. தொடக்க ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் கறுப்பினத்தவர் சிலரேனும் இடம்பெற்றிருந்தால் பிழை தவிர்ந்திருக்கும். இப்பிழை நோயாளியோடு நிற்பதன்று. உண்மைக் காரணத்தைச் சுமக்கும் உறவினர் ஒருவர், அறிவிக்கப்பட்ட மாறுபாடு தம்மிடம் இல்லை என்பதால் கண்காணிப்பிலிருந்து விடுவிக்கப்படலாம்.

தெற்காசியரைப் பற்றிய சான்றும் உண்டு. இதயத் தசைப் புரதத்திற்குரிய ஒரு மரபணுவில் 25 காரங்கள் இழந்த வடிவம் அவர்களுள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நோயில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஐரோப்பியத் தரவுகளை மட்டும் நோக்கும் பயிற்சியாளர் இதனை அரிதென்று கருதி, அவ்வருமையையே நோய்க்குச் சான்றாகக் கொள்ள நேரும்.

அறிக்கை எழுதுதல்

'பொருள் துணியப்படாதது' என்னும் வகையைக் கொண்டு மருத்துவ முடிவு எடுத்தல் கூடாது என்பது வழிகாட்டுதலின் நிலைப்பாடு. விடையை எதிர்நோக்கும் மருத்துவருக்கு அச்சொல் ஏமாற்றம் தரும். அதற்காக வகையை ஒருபடி உயர்த்தாமலிருத்தல் பயிற்சியாளர் பெறவேண்டிய உறுதி. என் நோக்கில், கருவிகளை இயக்கும் திறனைக் காட்டிலும் தேர்வில் அளக்க அரியது இவ்வுறுதியே. நல்ல அறிக்கை அவ்வகையைச் சொல்லி அமைவதில்லை. பெற்றோர் குருதிச் சோதனை, புரதத்தின் செயலாய்வு போன்றவற்றுள் எச்சான்று கிடைத்தால் அம்மாறுபாடு எவ்வகைக்கு மாறும் என்பதையும் அது குறிப்பிடுகிறது.