நெடுந்தீவுக் குதிரைகளும் நிழற்படக் கருவியும்

பாலை என்பது என்றும் நிலைத்த தனி நிலமன்று. வேனில் வெம்மையாற் பிற நிலங்கள் அடையும் நிலையே அது என்பது தமிழர் கண்ட மரபு. இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், சிறப்பாக நெடுந்தீவில், இன்றுங் காணலாம். மாரியிற் பசுமை போர்த்திருக்கும் அத்தீவின் புல்வெளிகள், ஆடி ஆவணியிற் காய்ந்து, வெண்கற்களே கண்ணிற்படும் வெளியாகின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் கொணரப்பட்டவற்றின் வழிவந்தன எனக் கருதப்படும் குதிரைகள் அவ்வெளியிற் கட்டின்றித் திரிகின்றன. அவற்றைப் படம்பிடிக்கச் செல்வோர் எத்தகைய கருவியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நோக்கற்பாலது வில்லையின் குவியத்தூரம். 36 மி.மீ. அகலமான ஒளியுணர் தகடுடைய கமராவில் 400 மி.மீ. வில்லையைப் பொருத்தின், 100 மீற்றர் தூரத்தில் 9 மீற்றர் அகலமான காட்சி படத்துள் அடங்கும். ஏறத்தாழ 2 மீற்றர் நீளமுள்ள குதிரை அதில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேலான இடத்தை நிரப்பும். 50 மி.மீ. வில்லையால் இவ்வளவைப் பெற வேண்டின், பன்னிரண்டரை மீற்றர் தூரம்வரை நெருங்குதல் வேண்டும்.

இவ்வேறுபாடு படத்தை மட்டுஞ் சார்ந்ததன்று. கடும் வரட்சியாற் குதிரைகள் மடிந்த ஆண்டுகளும் உண்டு. வற்றி எஞ்சிய குட்டையை நாடிவரும் குதிரை, நெருங்கிவரும் ஆளைக் கண்டு வெருளின், குடியாதே திரும்பும். ஆதலின் நீண்ட வில்லை ஆடம்பரமன்று. உயிரொன்றின் தாகத்துக்கு நாம் விடும் வழியாகும். 2015 இல் இத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டமையும் ஈண்டு நினையத்தக்கது.

அங்ஙனமாயின், வில்லை நீளுந்தோறும் நன்மை பெருகுமோ எனின், அன்று. நண்பகலிற் சுடுநிலத்தின்மேல் எழும் காற்று அடர்த்தி வேறுபட்டு ஒளிக்கதிர்களை வளைக்கும்; தொலைவிலுள்ள உருவம் நீரில் அசைவதுபோற் கலங்கும். எவ்வளவு விலையுயர்ந்த வில்லையும் இதனைத் தீர்க்கமாட்டாது. காலையும் மாலையுமே உகந்த வேளைகள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரஞ் சென்று, அன்றே மீள்வோர்க்குப் பெரும்பாலும் வாய்ப்பது நண்பகலே. எனவே, பெருவிலை வில்லையினும் ஓரிரவு தங்குதல் பயனுடைத்து.

அடுத்து, உப்பும் புழுதியும். படகிற் செல்லுங்கால் கருவி நீர்புகாப் பையினுள் இருத்தல் வேண்டும். வெட்டவெளியில் வில்லையைக் கழற்றி மாற்றுதல் புழுதியை உள்ளே அழைப்பதாகும். 100 முதல் 400 மி.மீ. வரை குவியத்தூரம் மாறவல்ல ஒரே வில்லை இவ்விடரைத் தவிர்க்கும். படிந்த உப்பை உலர்துணியால் துடைப்பின் கண்ணாடி கீறுபடும். முதலில் ஊதி அகற்றி, பின்னர் வில்லைக்குரிய திரவத்தில் நனைத்த மென்துணியால் ஒற்றுதலே முறை.

கனத்த முக்காலிக்கு ஈடாகப் பயறு நிரப்பிய சிறு துணிப்பை ஒன்று போதும். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளின்மேல், கற்கள் சரியாவண்ணம் அதனை வைத்துக் கருவியைத் தாங்கலாம்.

கைத்தொலைபேசியன்றி வேறு கருவியில்லாத மாணவர் மனந்தளர வேண்டுவதில்லை. தொலைவில் நின்று, பரந்த வறள்வெளியிற் சிறு புள்ளியாய்க் குதிரையை அமைத்தெடுக்கும் படம், அது வாழும் நிலையை நெருக்கப் படத்தினுந் தெளிவாக உரைக்கும். எக்கருவியாயினும் அதன் தகுதியை அறியும் சோதனை ஒன்றே: படம் எடுத்து முடிந்தபின்னரும் குதிரை தலைநிமிராது நீரருந்திக்கொண்டிருத்தல் வேண்டும்.