செம்புக் குழாய் இணைப்பு: தீ கூடினால் ஈயம் ஒட்டாது

கேமரன் மலையில் அதிகாலைக் குளிரில் பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் குளிக்கச் சுடுநீர் தேவை. ஹீட்டரிலிருந்து குளியலறைக்குச் செம்புக் குழாய் போட்டிருக்கும் வீடுகளில் ஓர் இணைப்பு கசிந்தாலும் சுவர் ஊறிப்போகும். தண்ணீர்க் கட்டணமும் ஏறும். அப்படிக் கசிவதற்கு ஒரு முக்கியக் காரணம், பற்றவைக்கும்போது தீயை அளவுக்கு மீறிக் காட்டுவதுதான்.

செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். குழாய்க்குப் பயன்படும் ஈயமற்ற வெள்ளீய-செம்பு சால்டர் கம்பியோ சுமார் 227 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். ஆகவே டார்ச் தீயில் குழாய் உருகுவதில்லை. முதலில் கெடுவது அதன்மேல் தடவிய ஃபிளக்ஸ் பசைதான். செம்பின்மேல் கறை படியாமல் காத்து, சால்டரை இடுக்குக்குள் ஓடச் செய்வது அந்தப் பசை. அது கருகிவிட்டால் சால்டர் ஒட்டாமல் உருண்டையாகத் திரண்டு கீழே விழும். வெளியே மூடியதுபோல் தெரிந்தாலும் உள்ளே இடைவெளி இருக்கும். சில மாதங்கள் கழித்துத்தான் சொட்டத் தொடங்கும்.

மலைப்பகுதியில் இந்தத் தவறு நேர்வது எளிது. குளிர்ந்த குழாய் சூடேற நேரம் பிடிக்கும். காற்றும் தீயை அலைக்கழிக்கும். பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் பசை கருகிவிடும். குழாய்க்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. தானா ராத்தா உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியில் கொதிக்கும். அது ஆவியாகித் தீரும்வரை இணைப்பு 227 டிகிரியை எட்டாது. எவ்வளவு தீ காட்டினாலும் பயன் இருக்காது. ஆகவே முதலில் தண்ணீரை அடைத்து, குழாயை முழுமையாக வடித்துவிட வேண்டும்.

அடுத்து, குழாயின் முனையையும் ஃபிட்டிங்கின் உட்புறத்தையும் செம்பு பளபளக்கும்வரை மணல்தாளால் தேய்க்க வேண்டும். பசையை மெல்லியதாகத் தடவி, குழாயை அடிவரை செருகி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

தீயைக் குழாய்மேல் சற்று நேரம் காட்டிவிட்டு ஃபிட்டிங்குக்கு நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சால்டர் கம்பியைத் தீக்கு எதிர்ப்பக்கத்தில் அவ்வப்போது தொட்டுப் பார்க்கலாம். செம்பின் சூட்டிலேயே கம்பி உருகினால் அதுவே பக்குவம். உடனே தீயை விலக்கிவிட வேண்டும். உருகிய சால்டர் தானாகவே இடுக்குக்குள் இழுக்கப்பட்டுச் சுற்றிலும் ஓடும். 15 மில்லிமீட்டர் குழாய்க்குச் சுமார் அதே நீளக் கம்பி போதும்.

வால்வு இருந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றிவிட வேண்டும். ஏற்கெனவே ஒட்டிய இணைப்பு அருகில் இருந்தால் அதன்மேல் ஈரத்துணி சுற்றலாம். ஒட்டியதும் தண்ணீர் ஊற்றாமல், அசைக்காமல் ஆறவிட வேண்டும். பிறகு மிஞ்சிய பசையைத் துடைத்து, குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். இணைப்பு கருகிவிட்டால் மேலும் சால்டர் சேர்ப்பதால் பயனில்லை. கழற்றி, தேய்த்து, புதிதாகப் பசை தடவித்தான் மீண்டும் ஒட்ட வேண்டும்.

ஈயம் கலந்த பழைய வகை சால்டர் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால் வேலை சுலபம். ஆனால் குடிநீர், சமையல் குழாய்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது. சுடுநீரில் ஈயம் கூடுதலாகக் கரையும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கம்பி வாங்கும்போது உறையில் 'ஈயமற்றது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பலகைச் சுவர் உள்ள பழைய வீடுகளில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. இணைப்புக்குப் பின்னால் தீத்தடுப்பு விரிப்பும் அருகே ஒரு வாளித் தண்ணீரும் இருக்க வேண்டும். பலகைக்குள் கனல் மெல்லப் புகையக்கூடும் என்பதால் வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரைமணி நேரம் அங்கேயே இருந்து கவனிப்பது பாதுகாப்பு. பொதுக் குழாயோடு இணையும் வேலையை உரிமம் பெற்ற பிளம்பரிடமும், ஹீட்டரின் மின்கம்பி வேலையைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடமும் ஒப்படைக்க வேண்டும்.