வங்குரோத்து மனுவுக்கு முன் யோசியுங்கள்

வியாபாரம் சரிந்து கடன் கழுத்தை நெரிக்கும்போது, "வங்குரோத்து என்று நீதிமன்றம் போனால் எல்லாம் தீரும்" என ஆலோசனை சொல்வோர் உளர். நமது வர்த்தகர்கள் முதலில் சில விடயங்களை அறிந்திருப்பது அவசியம்.

இலங்கையில் 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வழக்குகளை மாவட்ட நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. சொத்து, கடன், கணக்குப் புத்தகம் அனைத்தையும் அங்கே வெளிப்படுத்த வேண்டும். கடைசி நேரத்தில் மனைவி, மக்கள் பெயருக்குக் காணியை மாற்றுவது செல்லுபடியற்றதாகலாம்.

ஈடு வைத்த சொத்து இதனால் தப்பாது. வழக்கின்றியே ஏலமிடும் அதிகாரத்தை 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு வழங்கியது. 2024 இல் அது இடைநிறுத்தப்பட்டது தற்காலிகமாகவே.

உங்களுக்குப் பிணை நின்ற மச்சானோ நண்பரோ விடுபடமாட்டார். வங்கி அடுத்து அவரிடமே செல்லும்.

தனியாள் வியாபாரத்தில் கடைக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. வரையறுத்த கம்பனியாயினும் பணிப்பாளர் தனிப்பட்ட பிணை கொடுத்திருந்தால் அவரும் பொறுப்பாளியே.

கணக்கில் பணமில்லை எனத் தெரிந்தே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். வங்குரோத்து மனு அதற்குக் கேடயமாகாது.

மார்க்க ரீதியில், நீதிமன்றம் விடுவித்தாலும், கடன் கொடுத்தவர் மன்னிக்காதவரை கடன் கடனே. அதேவேளை கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் வழங்குமாறு சூரா அல் பகராவின் 280 ஆம் வசனம் பணிக்கிறது. கடனாளிகள் ஸகாத் பெறத் தகுதியுடையோரிலும் அடங்குவர்.

எனவே கணக்கை ஒளிக்காமல் கடன்காரர்களை ஒன்றாக அழைத்துப் பேசித் தவணை கேளுங்கள். அது சரிவராவிட்டால் மட்டும் சட்டத்தரணியிடம் செல்லுங்கள்.