மூளைக்குள் ஓர் ஆனந்தப் பொருள்



யாழ்ப்பாணத் தோட்டங்களில் விளைந்த புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. இன்றோ, பாக்கு நீரிணையைக் கடந்து கஞ்சாப் பொதிகள் நம் வடகரையில் வந்திறங்குகின்றன. புகையிலை, கள், கஞ்சா என்பன வெவ்வேறு பொருள்களே. எனினும், அவை மனிதனைப் பற்றிக்கொள்வதற்கு மூளையில் ஒரு பொது வாயில் உண்டு.

கஞ்சாவின் மயக்கப் பொருளை மெக்கூலம், கவோனி என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் 1964 இல் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். அதனை ஏற்கும் ஏற்பிகள் மூளையில் உள என்பது 1988 இல் தெளிவாயிற்று. பூட்டு உண்டெனின், அதற்குரிய திறவுகோலும் உடலுக்குள்ளேயே இருத்தல் வேண்டுமன்றோ? 1992 இல் மெக்கூலம் குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து அத்தகைய பொருளொன்றைக் கண்டெடுத்து, 'ஆனந்தம்' என்னும் வடசொல்லைக் கொண்டு 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர்.

இத்தகைய பொருள்களின் தொழில் யாது? நமக்கு இன்பம் நேருங்கால் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் விழிக்கின்றன. அவற்றை அடக்கிவைக்கும் கடிவாளமும் உண்டு. அக்கடிவாளத்தைச் சற்றே தளர்த்துவன இவ்வகப் பொருள்கள். பசித்தவன் உண்ணும்போதும் இது நிகழ்கின்றது. நிக்கொட்டீனும் மதுவும் இவ்வமைப்பையே துணைக்கொண்டு தம் இன்பத்தைப் பெருக்குகின்றன. கஞ்சாவோ நேரே ஏற்பியில் அமர்ந்துவிடுகின்றது. ஆனந்தமைடு விரைவில் அழியும். கஞ்சா நெடுநேரம் நிற்கும். நாள்தோறும் புகைப்பின் ஏற்பிகள் குறைகின்றன. பழைய இன்பத்துக்கு அளவு மிக வேண்டியதாகின்றது. நிறுத்தினாலோ உறக்கம் கெட்டு எரிச்சல் மிகுகின்றது.

அவ்வாயிலை மருந்தால் அடைத்துவிடலாகாதா? ரிமோனபாண்ட் என்னும் மருந்து அதனைச் செய்தது. புகைப்பழக்கத்தை விடவும் அது சிலருக்கு உதவியது. உடற்பருமனுக்கென 2006 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற அம்மருந்து, உண்டவர் சிலரிடத்து மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் விளைத்தமையால் 2008 இல் விலக்கப்பட்டது. கள்வனுக்கு அடைத்த கதவு வீட்டுக்காரனுக்கும் அடைபட்டது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கஞ்சாவை அறவே விட்டவரிடத்து ஏறத்தாழ 4 வாரங்களில் ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீள்கின்றன. பழக்கத்தின் நினைவு அத்துணை விரைவில் மறைவதில்லை. எனவே, விட முயலும் பிள்ளை முதல் மாதத்தில் சினந்து பேசினால், அதனைத் திமிர் என்று கொள்ளாதீர்கள். மூளை தன் இழந்த ஆனந்தத்தைத் திரும்பத் தேடும் காலம் அது. மருத்துவரின் துணையோடு வீட்டாரின் பொறுமையும் அப்போது வேண்டும்.